அரைக் கிலோ கறி, ஆளுக்கு இரண்டு சுருள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் தாராவி 90 அடி ரோட்டில் கறிக்கடைகளின் முன்னால் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால், மட்டன் விலை ஏறிவிட்டது என்று யாரும் நம்ப மாட்டார்கள். கிலோ 700 ரூபாய்க்கு மேல் போய்விட்டது. ஆனாலும் வாரத்துக்கு ஒரு நாள் கறி எடுக்காவிட்டால் நம்மவர்களுக்கு அந்த வாரம் வாரமாகவே இருக்காது. ஒரு கிலோ எடுத்தவர் முக்கால் கிலோ ஆக்கினார். முக்கால் எடுத்தவர் அரைக்கு வந்தார். கடைக்குப் போவதை மட்டும் யாரும் நிறுத்தவில்லை.

அந்த அரைக் கிலோவைக் குழம்பாக வைத்தால் என்ன ஆகிறது?

முதலில் வீட்டுக்காரருக்குப் பரிமாறுகிறார்கள். வேலைக்குப் போகிறவர் ஆயிற்றே! அடுத்து ஊரிலிருந்து வந்திருக்கும் மச்சினர். அடுத்து ஆண் பிள்ளை, வளர்கிற பையன். அதற்கடுத்துப் பெண் பிள்ளை. எல்லோரும் எழுந்த பிறகு சட்டியை வழித்துக்கொண்டு உட்காரும் தாய்க்கு எலும்பு ஒன்றும், மிளகாய்ச் சாறும், இரண்டு உருளைக்கிழங்கும். யாரும் திட்டம் போட்டுச் செய்யும் அநியாயம் அல்ல இது. கரண்டி போகும் போக்கு அப்படி. கேட்டால், "எனக்குக் குழம்புதான் பிடிக்கும்" என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். முப்பது வருடம் அப்படிச் சொல்லிச் சொல்லி அது உண்மையாகவே ஆகிவிட்ட தாய்மார்களும் உண்டு.

இந்தக் கரண்டிக் கணக்கை மாற்றும் ஒரு பதார்த்தம் மும்பைத் தெருவெல்லாம் விற்கிறது. ரொட்டிக்குள் கறியை வைத்துச் சுருட்டிக் காகிதத்தில் கொடுக்கிறார்களே, அந்தச் சுருள்தான். பிராங்கி என்றும் ரோல் என்றும் பெயர். கடையில் வாங்கினால் பர்ஸ் காலி. மூன்று பேர் சாப்பிட்டு எழுந்தாலே அரைக் கிலோ கறிக்கான பணம் போய்விடும். உள்ளே இருக்கும் கறியையோ தேடத்தான் வேண்டும். சாஸ் இருக்கிறது, முட்டைக்கோஸ் இருக்கிறது, இப்போது சீஸ் என்று ஒன்றையும் துருவிப் போட்டு அதற்கும் காசு வாங்குகிறார்கள். வீட்டில் செய்தால் அரைக் கிலோவில் பத்துச் சுருள் வரும். ஐந்து பேர் உள்ள குடும்பத்தில் ஆளுக்கு இரண்டு. பெரியவருக்கும் இரண்டு, தாய்க்கும் இரண்டு.

பெய்ரூட் தந்த பண்டம்

பிராங்கியின் பிறப்பைப் பற்றி அதை விற்கும் நிறுவனமே சொல்லும் கதை சுவையானது. அமர்ஜித் சிங் டிப் என்ற பம்பாய்க்காரர் வெளிநாட்டுப் பயணத்தில் லெபனான் நாட்டுப் பெய்ரூட் நகரில் இறங்கினார். அங்கே ரொட்டிக்குள் இறைச்சியைச் சுற்றித் தருவதைச் சாப்பிட்டுப் பார்த்தார். நம்மூர் நாக்குக்கு ஏற்றபடி மசாலாவை மாற்றி, ரொட்டியில் முட்டையைப் பூசி, 1969-இல் பம்பாயில் விற்பனையைத் தொடங்கினார். பெயர்? மேற்கிந்தியத் தீவுகளின் புகழ்பெற்ற கிரிக்கெட் கேப்டன் பிராங்க் வொரெல் நினைவாக "பிராங்கி".

அதற்கு முன்பே கல்கத்தாவில் நிஜாம் ஓட்டலின் காத்தி ரோல் பெயர் வாங்கியிருந்தது. கொலாபாவில் தாஜ் ஓட்டலின் பின்புறம் 1946-இலிருந்து படே மியான் கடையில் கபாபை மெல்லிய ரூமாலி ரொட்டியோடு தருகிறார்கள். ஆகவே ரொட்டியும் கறியும் சேர்வது புதுமை அல்ல. ஆனால் ஆபீஸ் விட்டு ஸ்டேஷனுக்கு ஓடுகிற குமாஸ்தா ஒரு கையால் பிடித்துக்கொண்டு நடந்தபடியே தின்னும் பண்டமாக அதை இந்த நகரம் முழுக்கப் பரப்பியது பிராங்கிதான்.

அதே லெபனான் ரொட்டி வேறொரு திசையிலும் கப்பல் ஏறியது. பிழைப்புத் தேடி மெக்சிகோ நாட்டுக்குப் போன லெபனான்காரர்கள், கம்பியில் குத்தி நெருப்பின் முன் சுழலவிட்டு இறைச்சியைச் சீவும் தங்கள் ஊர் வழக்கத்தையும் கூடவே கொண்டுபோனார்கள். அங்கே ஆட்டுக்குப் பதில் பன்றி வந்தது. கோதுமை ரொட்டிக்குப் பதில் மக்காச்சோள ரொட்டி வந்தது. மேலே அந்நாட்டு மிளகாய் அரைப்பு வந்தது. ஊர் மாறிப் பிழைக்கப் போகிறவனின் சாப்பாடும் அவனோடு சேர்ந்து மாறும் என்பதை மும்பைத் தமிழனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வடா பாவுக்குத் தேங்காய்ச் சட்னி கேட்பவர்கள் அல்லவா நாம்!

டாக்கோ என்றால் என்ன?

மெக்சிகோவில் இந்தச் சுருளுக்கு டாக்கோ என்று பெயர். சிறிய மக்காச்சோள ரொட்டியில் கறியை வைத்து, மேலே வெங்காயமும் கொத்தமல்லியும் தூவி, எலுமிச்சை பிழிந்து, மடித்துச் சாப்பிடுகிறார்கள். அது அங்கே உழைப்பாளியின் சாப்பாடு. நம் ஊரில் பெரிய கடைகளில் அப்பளம் போல மொறுமொறுவென்று வளைத்துத் தரும் டாக்கோ, அமெரிக்காவில் பிரபலமானது. அதைப் பார்த்து மெக்சிகோக்காரனை எடை போடக் கூடாது.

மக்காச்சோளத்தை அவர்கள் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறப்போட்டு, தோல் நீக்கி, நம் அம்மி போன்ற கல்லில் அரைத்து ரொட்டி தட்டினார்கள். சுண்ணாம்பு சேர்வதால் மாவு உதிராமல் ஒட்டும். சோளத்துக்குள் பூட்டிக்கிடக்கும் ஒரு வைட்டமின் சத்தும் உடம்பில் சேரும். இந்தச் சுண்ணாம்பு இரகசியம் தெரியாமல் மக்காச்சோளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதையே மூன்று வேளையும் தின்ற ஐரோப்பிய, அமெரிக்க ஏழைகள் பலர் பெல்லாக்ரா என்னும் நோய் கண்டார்கள். தோல் வெடித்தது, புத்தி பேதலித்தது, பலர் மாண்டார்கள்.

டாக்கோவுக்குள் வைக்கும் கறியில் மிகவும் நமக்கு நெருக்கமானது "பிர்ரியா". ஹாலிஸ்கோ என்ற மாநிலத்துப் பண்டம். ஆட்டுக்கறியைக் காய்ந்த மிளகாய் அரைப்பில் பிரட்டி, பட்டை, கிராம்பு, சீரகம் சேர்த்து, மூடி போட்டு மணிக்கணக்கில் வேகவிடுகிறார்கள். கறி நார் நாராகப் பிரிந்துவிடும். அதை ரொட்டியில் வைத்துச் சுருட்டுவார்கள். மிஞ்சிய சாற்றைக் கிண்ணத்தில் ஊற்றி, தொட்டுத் தொட்டுத் தின்பார்கள். பரோட்டாவும் சால்னாவும் நினைவுக்கு வருகிறதா? வந்தால் தப்பில்லை.

இதில் ஒரு வேடிக்கை. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, மக்காச்சோளம் எல்லாம் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. போர்த்துக்கீசியர் வழியாக நமக்கு வந்தவை. அவர்கள் வருவதற்கு முன் நம் முன்னோர் காரத்துக்கு மிளகைத்தான் நம்பியிருந்தார்கள். ஆடு, கோதுமை, வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை, பட்டை, கிராம்பு எல்லாம் இந்தப் பக்கத்திலிருந்து ஸ்பானியர் மூலம் அங்கே போனவை. ஆக, மெக்சிகோவின் ஆட்டுக்கறியில் பாதிச் சாமான் நம் பக்கத்தது. நம் ஆட்டுக்கறிக் குழம்பில் பாதிச் சாமான் அவர்களுடையது!

எந்தக் கறி வாங்குவது?

சுருளுக்குத் தொடைக்கறி வேண்டாம். பலரும் ராண், ராண் என்று கேட்டு வாங்குகிறார்கள். அது கொழுப்பும் சவ்வும் குறைந்த கறி. நெடுநேரம் வேகவைத்தால் சக்கையாகிவிடும். முன்னங்கால் சப்பை, கழுத்து, கால்தண்டு இவைதான் தேவை. கடைக்காரர் பாஷையில் தஸ்தி, கர்தன், நல்லி. நடமாடும்போது ஆடு அதிகம் உழைக்கும் பகுதிகள் இவை. அதனால் கடினமாக இருக்கும். நடுநடுவே வெள்ளைச் சவ்வு ஓடும்.

அந்தச் சவ்வுதான் விஷயம். மெதுவான சூட்டில், மூடிய பாத்திரத்தில், இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் அது கரைந்து பசை போன்ற சாறாகிவிடும். ஆட்டுக்கால் சூப்பு ஆறினால் உறைகிறதே, அதே பசைதான். இதுவே கறித் துணுக்குகளை ஒன்றோடொன்று பிடித்து நிறுத்துகிறது. ரொட்டிக்குள் வைத்தால் உதிராது. சீக்கிரம் வேகட்டும் என்று தீயைக் கூட்டித் தளதளவென்று கொதிக்கவிட்டால் நார் சுருங்கி இறுகிவிடும். வெளியே வெந்த மாதிரி தெரியும். வாயில் போட்டால் ரப்பர்.

கடையில் சொல்லும்போது ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தாராவிக் கடை ஒன்றில் ஒரு தாய் சொன்ன மாதிரி: "பாய், சின்னச் சின்னதா வெட்டிப்புடாதீய. அரைக் கிலோவுக்கு அஞ்சே துண்டு. எலும்பு கூடவே இருக்கட்டும், கொழுப்பை எடுக்காதீய." கடைக்கார பாயும் நெல்லைப் பக்கத்தவர். "என்ன தாயி, விருந்தா?" என்றார். "விருந்து இல்ல. எல்லாருக்கும் சமமா வரணும்லா, அதுக்குத்தான்" என்று பதில் வந்தது.

இறைச்சிக்கும் தாராவிக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதல்ல. 1971-இல் தேவ்நாருக்கு மாறும்வரை நகரத்தின் ஆட்டுத்தொட்டி பக்கத்துப் பாந்திராவில் இருந்தது. அங்கிருந்து வரும் தோலை நம்பித்தான் தமிழ்நாட்டு முஸ்லிம் வியாபாரிகள் தாராவியில் தோல் பதனிடும் கொட்டகைகளை வைத்தார்கள். அவற்றில் வேலைக்கு வந்தவர்களில் பெரும் பகுதியினர் நம்மவர்களே.

ஆட்டுக்கறி எட்டாத வீடுகளில் மாட்டுக்கறி அடுப்பேறியது. அதை மறைக்க வேண்டியதில்லை. மகாராஷ்டிரத்தில் பசு அறுப்பதை 1976-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்தது. 2015 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த திருத்தம் காளையையும் எருதையும் அதில் சேர்த்தது. தோல் தொழிலுக்கு அடி விழுந்தது ஒரு பக்கம். உழைப்பாளி வீட்டின் மலிவான கறி போனது மறு பக்கம். எருமைக்குத் தடை இல்லை. எருமைக்கறி வாங்குவோர் இதே பக்குவத்தில் செய்யலாம். வேகும் நேரத்தை மட்டும் ஒன்றரை மடங்காக்கிக்கொள்ள வேண்டும்.

செம்பூர் காம்ப்பில் கற்றது

மேலே சொன்ன தாய்க்கு இந்தப் பக்குவம் வந்தது தாராவியில் அல்ல, செம்பூரில். 1947 பிரிவினைக்குப் பிறகு சிந்து மாகாணத்திலிருந்து வீடு வாசலை விட்டு வந்த அகதிகளைச் செம்பூரில் பாரக்குகளில் குடியமர்த்தினார்கள். அதுவே சிந்தி காம்ப். இன்றும் செம்பூர்த் தமிழர்கள் அதைக் காம்ப் என்றே சொல்கிறார்கள். அங்கே ஒரு சிந்தி வீட்டில் அவர் சில வருடம் சமையல் வேலை பார்த்தார்.

சிந்திக்காரர்களிடம் "சேயல்" என்று ஒரு முறை உண்டு. கறிக்குச் சமமாக வெங்காயத்தை அரிந்து போட்டு, தண்ணீரே ஊற்றாமல் அல்லது ஒரு கை தெளித்து, மூடி வைத்து, வெங்காயம் விடும் நீரிலேயே கறியை வேகவிடுவார்கள். கடைசியில் குழம்பு என்று எதுவும் இருக்காது. வெங்காயம் முழுக்கக் கரைந்து கறியைப் போர்த்தியிருக்கும். "அவுங்க வீட்டுல புல்கா ரொட்டிக்குத் தொட்டுக்கிடுவாக. நான் வீட்டுக்கு வந்து அதையே உள்ள வச்சுச் சுருட்டிப் பார்த்தேன். பிள்ளைய பறந்துட்டு" என்கிறார் அவர். மிளகாய் அரைப்பைச் சேர்த்தது அவருடைய சொந்த யோசனை. மெக்சிகோவைப் பற்றி அவர் கேள்விப்பட்டதுகூட இல்லை.

நம் ஊர்ச் சுக்கா வறுவலும் இதற்கு ஒன்றுவிட்ட உறவுதான். அதை முதலில் தண்ணீரில் வேகவைத்துப் பிறகு சுண்ட வைக்கிறோம். இதில் தண்ணீர் இல்லாமலே தொடங்குகிறோம். அந்த ஒரு வித்தியாசத்தில் ருசி வேறாகிவிடுகிறது.

பக்குவம்

காஷ்மீரி மிளகாய் அல்லது பியாட்கி மிளகாய் எட்டு. நம் குண்டு மிளகாய் இரண்டு. காஷ்மீரி நிறத்துக்கு, குண்டு காரத்துக்கு. காம்பும் விதையும் நீக்கி, வெந்நீரில் அரை மணி நேரம் ஊற வைக்க வேண்டும். பூண்டு எட்டுப் பல், கட்டைவிரல் அளவு இஞ்சி, சீரகம் ஒரு சிறு கரண்டி, மிளகு பத்து, கிராம்பு இரண்டு, சிறு துண்டுப் பட்டை, வினிகர் ஒரு மேசைக் கரண்டி. வினிகர் இல்லாவிட்டால் கோலிக்குண்டு அளவு புளி. எல்லாவற்றையும் சேர்த்து நைசாக அரைத்துக்கொள்ளுங்கள். மிளகாய்த் தோல் திப்பி திப்பியாக நின்றால் வடிகட்டிவிடலாம்.

கறிக்கு உப்புத் தடவி அரை மணி நேரம் வைத்திருங்கள். அடிகனமான பாத்திரத்தில் இரண்டு கரண்டி எண்ணெய் காய்ந்ததும் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, கிளறாமல், ஒரு பக்கம் நன்றாகச் சிவந்த பிறகே திருப்ப வேண்டும். அவசரக்காரர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். அடியில் ஒட்டிய பழுப்பைக் கருகல் என்று நினைத்துச் சுரண்டிக் கொட்டிவிடாதீர்கள். ருசி அதில் இருக்கிறது.

கறியை எடுத்து வைத்துவிட்டு, அதே பாத்திரத்தில் நான்கு பெரிய வெங்காயத்தை நீளவாக்கில் அரிந்து போடுங்கள். வெங்காயத்தின் நீரில் அடிப்பழுப்பு தானாகக் கரையும். பத்து நிமிடம் வதங்கியதும் தக்காளி இரண்டு, பிறகு அரைத்த விழுது. எண்ணெய் பிரிந்து வந்ததும் கறியைத் திருப்பிப் போட்டு, மிக்ஸி கழுவிய நீர் அரை டம்ளர் மட்டும் ஊற்றி மூடுங்கள். மூடியாகக் குழிவான தட்டு ஒன்றைப் போட்டு அதில் தண்ணீர் ஊற்றி வைப்பது பழைய முறை. உள்ளே எழும் ஆவி குளிர்ந்து திரும்பக் கறி மேலேயே சொட்டும். அடி பிடிக்காது. தட்டுத் தண்ணீர் சூடானால் அதையே உள்ளே ஊற்றிக்கொள்ளலாம்.

தீ சிறியதாக இருக்கட்டும். இரண்டு முதல் இரண்டரை மணி நேரம் ஆகும். பத்துக்குப் பத்து அறையில், தகரக் கூரையின் கீழ், மே மாதத்தில் இரண்டரை மணி நேரம் அடுப்பு எரிவது எவ்வளவு கொடுமை என்பது அங்கே நிற்பவர்களுக்குத்தான் தெரியும். சிலிண்டர் கணக்கும் இருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டில் குக்கரே மேல். ஒரு விசில் வந்ததும் தீயைக் குறைத்து முப்பது நிமிடம். குக்கருக்குள் சூடு 120 டிகிரி வரை ஏறுவதால் சவ்வு சீக்கிரம் கரைகிறது. அடுப்பை அணைத்த பிறகு விசிலைத் தூக்கி ஆவியை விடாதீர்கள், தானாக அடங்கட்டும். ருசியில் சட்டிதான் முதல். ஆனால் குக்கர் கறி சட்டிக் கறிக்கு எட்டாத தூரத்தில் இல்லை.

கரண்டியின் பின்புறத்தால் அழுத்தினால் கறி நாராகப் பிரிய வேண்டும். பிரியாவிட்டால் இன்னும் பத்து நிமிடம். பிரிந்ததும் எலும்பை எடுத்துவிட்டு, கையாலேயே பிய்த்து விடுங்கள். மேலே மிதக்கும் சிவப்புக் கொழுப்பை ஒரு கிண்ணத்திலும், சாற்றில் பாதியை வேறு பாத்திரத்திலும் எடுத்து வையுங்கள். மீதிச் சாற்றை மூடி இல்லாமல் சுண்டவிட்டு, அவித்த உருளைக்கிழங்கு இரண்டைப் பொடியாக நறுக்கிச் சேர்த்து, பிய்த்த கறியையும் அதில் போட்டுப் பிரட்டுங்கள். எலும்பும் நீரும் போனபின் அரைக் கிலோவில் சுமார் கால் கிலோ கறிதான் நிற்கும். பத்துச் சுருளுக்கு வெங்காயமும் கிழங்கும் கைகொடுத்தால்தான் போதும்.

ரொட்டிக்குக் கோதுமை மாவு இரண்டு பங்கு, மைதா ஒரு பங்கு, மொத்தம் 300 கிராம். வெறும் கோதுமையில் செய்தால் சுருட்டும்போது வெடிக்கும். வெறும் மைதா என்றால் ஆறியதும் தோல் போல் ஆகிவிடும். வெதுவெதுப்பான நீரில் தளரப் பிசைந்து அரை மணி ஊறவிட்டு, பத்து உருண்டை செய்து மெல்லியதாகத் தேய்த்து, முக்கால் பதம் சுட்டு அடுக்கி, துணியால் மூடி வையுங்கள். மக்காச்சோள மாவில் ரொட்டி தட்ட விரும்புவோர் கொதிநீர் விட்டுப் பிசைய வேண்டும். கடையில் விற்கும் மாவு சுண்ணாம்பில் ஊறாத மாவு. எவ்வளவு முயன்றாலும் ஓரம் பிளக்கும். சுருட்ட முடியாது, மடிக்கலாம்.

சாப்பிடும் நேரத்தில் தோசைக்கல்லில் அந்தச் சிவப்புக் கொழுப்பைச் சிறிது தடவி, ரொட்டியைப் போட்டு, அடித்த முட்டை ஒரு கரண்டி பூசித் திருப்பி எடுங்கள். பத்து ரொட்டிக்கு மூன்று முட்டை போதும். நடுவில் கறி, அதன்மேல் பச்சை வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை. பச்சை மிளகாயைப் பொடியாக அரிந்து வினிகரில் ஊறவைத்து அரைக் கரண்டி தெளித்தால் கடைப் பிராங்கி வாசனை வந்துவிடும். அடிப்பக்கம் மடித்து, பக்கவாட்டில் இறுக்கிச் சுருட்டுங்கள்.

எண்ணி வைத்த தட்டு

கணவர் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை. பையன் ஒருவன், பெண் ஒன்று, கணவரின் தங்கை ஒருத்தி. இவர்களோடு ஐந்து பேர் கொண்ட குடும்பம் அது. தட்டில் பத்துச் சுருளையும் அடுக்கிவிட்டு அந்தத் தாய் அடுப்பை அணைத்துவிட்டார். முதல் முறை செய்தபோது நாத்தனார்தான் தயங்கினாராம்.

"மதினி, எனக்கு ஒண்ணு போதும். அண்ணனுக்கு மூணா வைங்க."

"எல்லாத்துக்கும் ரெண்டுதான். எண்ணி வச்சிருக்கேம்லா. உக்காந்து தின்னு."

அண்ணனும் மறு பேச்சுப் பேசவில்லை. குழம்பாக இருந்தால் கரண்டியில் இன்னும் இரண்டு துண்டு ஏறியிருக்கும். யாருக்கும் கண்ணில் பட்டிருக்காது. சுருளை அப்படிச் செய்ய முடியாது. ஒருவர் மூன்று எடுத்தால் இன்னொருவர் தட்டில் ஒன்றுதான் இருக்கிறது என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். இரண்டாவது விசேஷம், ஐந்து பேரும் ஒன்றாக உட்கார்ந்து தின்னலாம். இலை போட்டு, சோறு போட்டு, மறுசோறு கேட்டு என்று ஒருவர் நிற்கவேண்டிய வேலையே இதில் இல்லை. அந்த வீட்டுப் பெண் பிள்ளைக்குப் பதினொரு வயது. "அம்மா எங்க கூட உக்காந்து கறி தின்னது அன்னைக்குத்தான்" என்று அவள் சொன்னபோது தாய் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றிவிட்டார்.

ஆறு பேர், எட்டுப் பேர் சேர்ந்து ஒரே அறையில் தங்கும் வாலிபர்களுக்கும் இது வசதி. கறிச் சண்டை வராது. கழுவத் தட்டும் குறைவு.

மாட்டுங்காவுக்கு என்ன?

மாட்டுங்காவில் கறி பேச்சு எடுபடாது என்று சிலர் நினைக்கலாம். கபே மெட்ராஸ், ராம நாயக் உடுப்பி ஓட்டல் இருக்கும் பேட்டை அது. ஆனால் மார்க்கெட்டில் பலாக்காய் கிடைக்கிறதே! வங்காளிகள் அதற்கு "மரத்து ஆடு" என்ற பொருளில் பெயரே வைத்திருக்கிறார்கள். பிஞ்சுப் பலாவை எண்ணெய் தடவிய கையால் தோல் சீவி, பெரிய துண்டாக்கி, மேலே சொன்ன அதே அரைப்பில், அரை டம்ளருக்குப் பதில் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு 25 நிமிடம் வேகவைத்தால் அதுவும் நாராகப் பிரியும். சிவக்க வறுக்கும் கட்டத்தை மட்டும் தவிர்க்கக் கூடாது. தவிர்த்தால் கூட்டு போல் ஆகிவிடும். வீட்டில் கறி சமைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு வாடகைக்கு இருக்கும் அசைவக்காரர்களும் மும்பையில் ஏராளம். அவர்களுக்கும் பலா கைகொடுக்கும். சேடா நகர் முருகன் கோயிலுக்குக் கிருத்திகை விரதம் இருக்கிற செம்பூர் வீடுகளில் அன்றைக்கும் செய்யலாம், பூண்டும் வெங்காயமும் முட்டையும் இல்லாமல். வெங்காயம் இல்லாத சுருள் சுமார்தான். விரத நாளில் அதைப் பார்க்க முடியுமா?

டப்பாவுக்கு

திங்கட்கிழமை டூட்டிக்குக் கட்டிக் கொடுக்க நினைப்பவர்கள் ஞாயிறு இரவே கறியைச் சுண்ட வைத்து, ஆறியதும் பிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். காலையில் நன்றாகக் கொதிக்கச் சூடாக்கிச் சுருட்டலாம். பச்சை வெங்காயத்தையும் எலுமிச்சையையும் உள்ளே வைக்காதீர்கள். நீர் விட்டு ரொட்டி ஊறிவிடும். தனிப் பொட்டலமாகக் கொடுங்கள். மும்பைப் புழுக்கத்தில் கறிச் சுருள் நான்கு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. காலை ஏழுக்குக் கட்டினால் பதினொரு மணிக்குள் தின்றுவிட வேண்டும். இரண்டு மணிச் சாப்பாட்டுக்காரர்களுக்குப் பலாவோ முட்டையோ கொடுப்பதும் உத்தமம் இல்லை.  லோக்கல் ரயிலில் பக்கத்து ஆள் சட்டையில் குழம்பு ஒழுகிச் சண்டை வராத ஒரே கறிச் சாப்பாடு இது.

எடுத்து வைத்த பாதிச் சாற்றை மறந்துவிடாதீர்கள். பிய்த்தெடுத்த எலும்புகளை அதில் போட்டு, இரண்டு டம்ளர் தண்ணீரும் உப்பும் சேர்த்துக் கால் மணி நேரம் கொதிக்கவிட்டால் கிண்ணத்துக்குக் கிண்ணம் ஊற்றித் தொட்டுக்கொள்ளலாம். நல்லி எலும்பு இருந்தால் அதற்குள் உள்ள ஊன் யாருக்கு என்ற கேள்வி வரும். அந்த வீட்டில் அதற்கு முறை வைத்திருக்கிறார்கள். போன வாரம் பையன், இந்த வாரம் நாத்தனார்.